வேலைக்கு வருகிறவள்

எலுமிச்சைக் கேக்கை ஓவனிலிருந்து எடுத்தவுடன் வெட்டக்கூடாது. ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. யன்னலுக்கும் குசினி அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

இங்கிலாந்துக்கு வந்து, இந்த எப்சம் ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், ஒஃபிசர். எங்கள் தெருப் பெண்கள் ஒரு தோட்டக் கழகம் வைத்திருக்கிறார்கள். யாரும் என்னை அவமதித்ததில்லை. என்னோடு மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள். நான் மீன் பொரித்தால் தங்கள் யன்னல்களைச் சாத்துவார்கள். மாகிரட் என்பது என் உண்மையான பெயர்தானா என்று கேட்பார்கள். போன மாதம்தான் முதல்முறையாக என் வீட்டுக்குத் தேநீருக்கு வரச் சம்மதித்தார்கள்.

என் கூடப்பிறந்த அஞ்சலினா அக்கா மன்னாரிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள். வெறுங்காலோடு முற்றத்தில் துணி காயப்போடுவாள். வேலிக்கு மேலால் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள். பக்கத்து வீட்டு ஹெலன் அது யார் என்று கேட்டபோது, வேலைக்கு வருகிறவள் என்றேன். அக்காவுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆகவே அவள் மனம் நோகவில்லை.

அன்று ஹெலனும் சேர்த்து நாலு பேர் தேநீருக்கு வந்தார்கள். அக்காவைச் சலவை அறையில் இருக்கச் சொல்லியிருந்தேன். நான் பால் எடுக்கப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

“நெஞ்சை அடைக்குது பிள்ளை. ஆரையெண்டாலும் கூப்பிடு.”

“கொஞ்சம் பொறு அக்கா. வந்த ஆக்கள் போகட்டும்.”

“ஓம்,” என்றாள்.

ஹெலன் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். பிறகு அம்புலன்ஸ் வரும். இவர் உங்களுக்கு என்ன உறவு என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் முனகல் கேட்டது. ஹெலன் தலையைத் திருப்பினார். நான் எழுந்து போய், துணி எதுவும் போடாமலே வோஷிங் மெஷினை ஓடவிட்டு, கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து, ரோஜாவை எந்த மாதம் வெட்டிவிடுவது என்று கேட்டேன். ஐம்பது நிமிடம் கழித்து அவர்கள் போனார்கள். அக்காவின் உடம்பில் சூடு இருந்தது; மூச்சு இல்லை. கதவின் உட்பக்கத்துக் கீறல்களைப் பற்றி நீங்கள் நினைப்பது சரிதான்.

நான்தான் அவளைச் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்காரியின் மறைவுக்கு வருந்துகிறோம் என்று ஹெலன் பூ அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர்கள். ஒரேயொரு வேண்டுகோள்: அறிக்கையில் உறவு என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். அக்காவின் விருப்பமும் அதுவாகத்தான் இருக்கும். என்னைத் தலைகுனிய வைக்க அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.