நூக்கராஜுவின் ஹார்ட் டிஸ்க்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. இடம், ஆந்திராவின் ராமச்சந்திரபுரத்தில் வாய்க்கால் கரைச் சாலையின் கடைக்கோடியில் தனித்து நிற்கும் இரண்டறை வீடு. அதற்கப்பால் திராட்சாராமம் வரையில் வயல்தான். இருட்டிவிட்டால் அந்தச் சாலையில் தவளைச் சத்தம் தவிர வேறெதுவும் கேளாது. அந்த வீட்டின் முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதிய டிஸ்க்கைப் பொருத்துவது என்று அன்று முடிவாயிற்று. பழையது, உள்ளே தகடு சுழன்று, ஊசி ஓடி, ஓயாமல் சத்தமிடும் வகை. புதியது சுழலாது... அதிலிருந்து சத்தமே வராது. இந்த வேற்றுமையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது என் சிநேகிதியின் ஒன்றுவிட்ட தங்கை லோவலக்ஷ்மிக்கு. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். நடுவில் குறுக்கே பேசக் கூடாது.

லோவலக்ஷ்மியின் கணவன் நூக்கராஜு கல்யாண வீடியோ எடுப்பவன். எடுப்பது அவன், வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கும் மிக்ஸிங் வேலை அவளுடையது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தம் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் வரும். அந்த ஆண்டு மாக மாதத்தில், பிப்ரவரியில், ஒரு கல்யாணம் முடித்து, விடியுமுன் அந்தச் சாலையில் பைக்கில் திரும்பியவன் கண்ணயர்ந்தான். வாய்க்காலில் விழுந்து இறந்துபோனான். தண்ணீர் இடுப்பளவுதான்.

கைப்பேசியும் அவனோடு போயிற்று. சுவரில் மாட்டியது, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அவன் குரல் மட்டும் அந்தப் பழைய டிஸ்க்கில் இருந்தது.

அது அங்கே வந்த விதம் இது. படம் எடுக்கும்போது வேண்டாத காட்சி குறுக்கிட்டால், நூக்கராஜு காமிராவுக்குப் பின்னாலிருந்தே மனைவிக்குச் சொல்லிவைப்பான்: "லோவா, இதை வெட்டிடு." அவள் பிறகு மேசையில் அமர்ந்து கேட்பாள், வெட்டுவாள். கல்யாண வீட்டாருக்குப் போகும் வீடியோவில் சினிமாப் பாட்டுத்தான் ஒலிக்கும். அவன் குரல் மூலப் பதிவோடு நின்றுவிடும். வேலை முடிந்ததும் மூலத்தை அழித்துவிடுவது தொழில் வழக்கம். அவன் போனபிறகு, மீதமிருந்த எதையும் அவள் அழிக்கவில்லை. இரவு அடுப்பை அணைத்ததும் வந்து உட்காருவாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பன்னிரண்டு ஆண்டுக் குடித்தனத்தில் அவன் அவளிடம் பேசியவற்றுள் எஞ்சியது அந்த ஒரு வாக்கியந்தான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது காமிராவை எடுத்துக்கொண்டு அலைபவன் நூக்கராஜுவின் தம்பி சத்திபாபு; அண்ணியை வதினா என்றுதான் அழைப்பான். ஆஷாட மாதத்தில் கல்யாணம் கிடையாது, அடுத்த சிராவணத்தில்தான். ஆகவே கருவிகளைச் சீர்செய்யும் காலம் அதுதான்.

"வதினா, இந்த டப்பா கண்ணு முழிக்கறதுக்குள்ள கல்யாணமான பொண்ணு பிள்ளையே பெத்துடுது. சிராவணத்துக்கு நெறைய வேலை ஒத்துக்கிட்டிருக்கேன். டிஸ்க்கை மாத்திடுவோம்."

"மாத்து. உள்ள இருக்கறது ஒண்ணு குறையக் கூடாது. காக்கிநாடாலேர்ந்து ஆளைக் கூப்பிடு."

"அவன் எதுக்கு? பழசையும் புதுசையும் சேர்த்து மாட்டினா அதுவே அப்படியே பிரதி எடுத்துக்கும். போன்ல ஒருத்தன் பெசரட்டு தோசை தின்னுக்கிட்டே செஞ்சு காட்டறான்."

"நீ எதையும் தின்னாம செய்."

சத்திபாபு சிரித்தான். இரண்டு டிஸ்க்கையும் கம்ப்யூட்டரோடு இணைத்தான். எதிலிருந்து எதற்குப் பிரதி எடுப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. இரண்டும் ஒரே அளவு. திரையில் இரண்டுக்கும் பெயரில்லை, எண் மட்டுமே. அவன் ஒன்றைத் தொட்டான், பிறகு மற்றதைத் தொட்டான். ஒரு புள்ளி விடாமல் எடு என்றும் குறித்தான். பெறுகின்ற டிஸ்க்கில் உள்ளவை முற்றிலும் அழியும், சம்மதமா என்று அது கேட்டது. மறுமுறையும் கேட்டது. இரண்டு முறையும் படிக்காமலே சரி என்று அழுத்தினான்.

"விடியவிடிய ஓடும். நீங்க போய்ப் படுங்க, வதினா."

அன்றிரவு அவள் பின்னறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கர்ர்... டக்... டக். கர்ர்... டக். ஒவ்வொன்றாக எடுத்துப் பத்திரப்படுத்துகிறது என்று எண்ணிக்கொண்டாள். ஐந்து மாதத்தில் அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் இரண்டு டிஸ்க்கும் வெறுமையாக இருந்தன.

"கம்ப்யூட்டர் குழம்பிடுச்சு, வதினா."

"அது குழம்பாது. எதுலேர்ந்து எதுக்கு எழுதச் சொன்ன?"

அவன் திரையில் இருந்த இரண்டு எண்ணையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ரெண்டு தடவை கேட்டிருக்குமே, சத்தி."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புதிய டிஸ்க்கில் இருந்த வெறுமையை, பழைய டிஸ்க் இரவு முழுவதும் தன்மேல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அவளைத் தூங்கவைத்த சத்தம் அதுதான்.

சத்திபாபுவுக்குக் குற்ற உணர்ச்சி கோபமாக மாறியது. "அண்ணன் போனப்ப ஊரே அழுதுது. நீங்க ஒரு சொட்டு விடலை. இப்ப ஒரு தகரத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சுக்கறீங்க."

"உனக்கு அண்ணன் இருந்தான். எனக்கு அந்தத் தகரந்தான் இருந்துது."

கம்ப்யூட்டரையும் இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் இருவரும் காக்கிநாடா போனார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய டிஸ்க்கை நெடுநேரம் சோதித்தார். "பாருங்கம்மா, சும்மா அழிச்சிருந்தா தடம் இருக்கும், தோண்டி எடுத்துடலாம். இதுல தடமே இல்ல. கழுவித் தொடைச்ச தட்டு." வந்ததற்காவது ஆகட்டுமென்று புதிய டிஸ்க்கைப் பொருத்தி, வேண்டிய மென்பொருள்களை ஏற்றிக் கொடுத்தார். பழையதைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். திரும்பும் வழியெல்லாம் அது லோவலக்ஷ்மியின் மடியில் கிடந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்ந்தார்கள். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் ஈரத் தலையோடு மேசை முன் அமர்ந்தாள். பழைய டிஸ்க் செய்தித்தாளின்மேல் கிடந்தது. அதில் எந்தக் கம்பியும் செருகியிருக்கவில்லை. கம்ப்யூட்டரை இயக்கினாள். கண்ணிமைக்குமுன் விழித்தது... ஓசையே இல்லை. சத்திபாபு அவளுக்குப் பக்கத்தில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் வாசனை வந்தது. கம்ப்யூட்டரின் விசிறி வெளித்தள்ளும் சூடான காற்றில்... சீரகமும் வெல்லமும். முகூர்த்த வேளையில் பெண்ணும் பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் வைக்கும் சீரக வெல்ல விழுது. ஆஷாடத்தில் அதை யாரும் அரைப்பதில்லை.

"வதினா... உங்களுக்கும் வருதா?"

அவள் பதில் சொல்வதற்குள் மேசையிலிருந்து கேட்டது.

கர்ர்... டக்.

செய்தித்தாளின் ஓரம் நடுங்கிக்கொண்டிருந்தது. சத்திபாபு பழைய டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான். "சுடுது" என்றான்.

திரையில், கடைக்காரர் காலியாகக் கொடுத்த இடத்தில், ஒரே ஒரு வீடியோ இருந்தது. பெயரில்லை. லோவலக்ஷ்மி அதைத் திறந்தாள்.

மேளம். புகை. கூட்டம். பிறகு காதுக்கு வெகு அருகில், சற்றே மூக்கடைத்த அந்தக் குரல்: "லோவா, இதை வெட்டிடு."

அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது. மறுபடியும் குரல்... மறுபடியும். ஒரு கல்யாணம் முடிந்து இன்னொன்று, ஒரு பந்தல் முடிந்து இன்னொன்று. எல்லாவற்றிலும் அந்த ஒரு வாக்கியம். அழிந்தது திரும்பிவிட்டது என்றே அவள் நம்பினாள்.

"வதினா, கண்ணைத் திறங்க" என்றான் சத்திபாபு.

திறந்தாள்.

சீரக வெல்லம் வைக்கும் வேளையிலும், தாலி கட்டும் வேளையிலும் விதவை ஒருத்தி படத்தில் தென்படக் கூடாது. எந்த வீட்டாரும் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லும்வரை காத்திருப்பவன் நல்ல காமிராக்காரன் அல்லன். நூக்கராஜு நல்ல காமிராக்காரன்.

திரையில் ஓடியவை வெட்டுப்பட்ட துண்டுகள். அவற்றில் பலவற்றின் மூலத்தை அவளே எப்போதோ அழித்திருந்தாள். பந்தக்கால் ஓரமாக எட்டிப் பார்க்கும் ஒருத்தி. கூட்டத்தில் நெருக்குண்டு முன்னால் வந்துவிட்ட ஒருத்தி. பேத்தியின் முந்தானையைச் சரிசெய்ய வந்தவள். பெயர் தெரியாது, ஆனால் ஒவ்வொரு புடவைக் கரையையும் லோவலக்ஷ்மி அறிந்திருந்தாள். ஒவ்வொருத்தியையும் எந்த நொடியில் வெட்டினாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த நொடி கடந்தபின் ஒவ்வொருத்தியும் மெல்லக் கழுத்தைத் திருப்பி, நேராகக் காமிராவைப் பார்த்தாள். வெட்டிய இடத்துக்குப் பிறகு என்ன இருந்தது என்பதை லோவலக்ஷ்மி ஒருநாளும் பார்த்ததில்லை.

"அம்மா" என்றான் சத்திபாபு.

அவனுடைய கல்யாணப் பந்தல். அவனுடைய தாய் மகாலக்ஷ்மம்மா, இறந்து நான்கு ஆண்டு ஆயிற்று, மஞ்சளரிசியைப் பிடித்த கையை உயர்த்தியபடி நின்றாள். அரிசியை இன்னும் தூவவில்லை.

"லோவா, இதை வெட்டிடு."

உயர்த்திய கை அப்படியே நின்றது. மகாலக்ஷ்மம்மா திரும்பிப் பார்த்தாள்.

"சமையல்கட்டுல இருந்தாங்கன்னு சொன்னீங்களே, வதினா. என் கல்யாண வீடியோவுல எங்கம்மா எங்கேன்னு கேட்டதுக்கு."

"வெட்டச் சொன்னது உங்க அண்ணன்."

"வெட்டினது?"

லோவலக்ஷ்மி திரையில் உயர்ந்து நின்ற கையைப் பார்த்தாள்.

"நான்" என்றாள்.

அதன்பின் மேளம் ஓய்ந்தது. கடைசித் துண்டில் கல்யாணம் இல்லை. ஓர் அறை. மேசை. மேசைமுன் ஒரு பெண் முதுகு காட்டி அமர்ந்திருந்தாள். அவிழ்ந்த ஈரக் கூந்தல். அன்று காக்கிநாடாவுக்குக் கட்டிக்கொண்டு போன சாம்பல் நிறப் புடவை. பக்கத்தில் தோளில் துண்டோடு ஓர் ஆண். அவர்களைப் பின்னாலிருந்து, வாசற்படியருகே நின்று எடுத்த படம்.

இருவரும் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்றுதான் சத்திபாபு பின்னால் சொன்னான்.

"லோவா, இதை வெட்டிடு."

இம்முறை குரல் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை.

திரையில் இருந்த பெண்ணின் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது. மேசைமுன் இருந்தவளோ அசையவில்லை.

"வெட்டிடுங்க, வதினா. அவன் சொல்றபடி வெட்டிட்டா போயிடுவான்." சத்திபாபுவின் கை நீண்டது.

"கையை எடு."

வெட்டினால் அந்தக் குரல் நாளையும் வரும். அடுத்த கல்யாணத்திலும் வரும். அதை அவள் அறிந்திருந்தாள். பிறகு பின்னால் திரும்பாமலே, கணவனிடம் பேசும் மரியாதைக் குரலில் சொன்னாள்:

"மாட்டேங்க. இத்தனை வருஷம் வெட்டியாச்சு. இவ ஒருத்தியையாவது விட்டுடுங்க."

கர்ர்... என்று இழுத்தது. டக் என்ற ஒலி வரவில்லை.

திரையில் ஒன்றுமில்லை. டிஸ்க் காலியாக இருந்தது. வாசற்படியருகே தரை நனைந்திருந்தது. மழைச் சாரல் அவ்வளவு தூரம் வருவதில்லை. நூக்கராஜுவின் குரலை அதற்குப்பின் அவள் கேட்கவில்லை. சில இரவுகளில், வெட்டியிருக்கலாமோ என்று தோன்றும் என்று என் சிநேகிதியிடம் சொல்லியிருக்கிறாள்.

சிராவணம் பிறந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்தார்கள். இனி எந்தப் பெண்ணையும் எந்தக் காட்சியிலிருந்தும் வெட்டுவதில்லை. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இதைச் சொல்லிவிடுவது. விருப்பமில்லாதவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். சிலர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வீடியோ கைக்கு வந்தபிறகு தொலைபேசியில் அழைக்கிறார்கள். பெண்ணுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் வயதான பெண்கள் யார், எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லையே என்று கேட்கிறார்கள். எடுக்கும்போது அந்த இடத்தில் யாரும் இருப்பதில்லை என்கிறான் சத்திபாபு. ஆகவே, பெண்வீட்டார் கேட்டால் பிள்ளைவீட்டார் என்றும், பிள்ளைவீட்டார் கேட்டால் பெண்வீட்டார் என்றும் சொல்லிவிடுவது எனத் தீர்மானிக்கப்பட்டது.