மிளகாய்த்தூளில் கிடந்த சங்கிலி

பெயர் சாந்தாமணி, வயது 38, கணவர் பெயர் திருமலைசாமி, பெரியநாயக்கன்பாளையம், மில் லைன் வீடு. 1994 மே மாதம், காவல் நிலையத்தில் விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். பக்கத்து வீட்டு மாரியாத்தாளை எனக்கு நன்றாகத் தெரியும். அவரைப் போல மிளகாய் வாங்க எங்கள் லைனில் ஆள் கிடையாது. சந்தையில் ஒரு வற்றலை ஒடித்து முகர்ந்து பார்த்து, நிறத்துக்கு நீட்டு மிளகாயும் காரத்துக்குக் குண்டு மிளகாயும் கலந்து வாங்கி, காயவைத்து அரைத்து, டப்பாவில் ஒரு துண்டுப் பெருங்காயம் போட்டு மூடி வைப்பார். அந்தத் தூளில் அவர் வைக்கிற கோழிக் குழம்புக்கு, என் சமையலை ஒரு நாளும் மெச்சாத என் கணவரே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டிருக்கிறார்.

இன்று காலை என் வீட்டு மிளகாய்த்தூள் கட்டி தட்டியிருந்தது. ஈரக் கரண்டி போட்டது நான்தான். மாரியாத்தாள் பார்த்துவிட்டு, "டப்பாவோட குடு அம்மணி, சலிச்சு வெயில்ல போட்டுத் தாரேன்" என்றார். மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கம் கொடுக்கமாட்டோம். ஆகவே டப்பாவை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அதன் பின்பு அவர் எடுத்துக்கொண்டு போனார். அப்போது தெருமுனையில் வந்த என் கணவர், ஆளில்லாத வாசலில் அவர் டப்பாவை எடுப்பதைப் பார்த்திருக்கிறார். திருட்டுக்குப் பயந்து என் சங்கிலியை அந்தத் தூளுக்குள் புதைத்து வைத்தவர் என் கணவர். அதை என்னிடம் சொல்லவில்லை. இன்றும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நேராக இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டார். கட்டிய பெண்டாட்டியைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது.

அதன் பின்பு காவலர்கள் போனபோது மாரியாத்தாள் சங்கிலியை மோரில் போட்டு அலசிக்கொண்டிருந்தாராம். தடயத்தை அழிக்கிறார் என்று பிடித்து வந்துவிட்டார்கள். "அப்படியே போட்டா அம்மணி கழுத்து எரியுமுங்க, அதுதான் அலசறேனுங்க" என்று அவர் சொன்னதாகக் காவலரே என்னிடம் சொன்னார். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சல்லடையில் தங்கம் வந்து விழுந்தபோது அந்தம்மாவுக்கு ஞாபகம் வந்தது என் கழுத்து.

அதன் பின்பு ஆய்வாளர் அய்யா சங்கிலியை அடையாளம் காட்டச் சொன்னார். அவர் முன்னிலையிலேயே கழுத்தில் போட்டுப் பார்த்தேன். துளிகூட எரியவில்லை. மாரியாத்தாளின் இரண்டு கையும்தான் சிவந்து எரிந்துகொண்டிருக்கின்றன. சங்கிலியை அலசியவர் தன் கையைக் கழுவுவதற்குள் கூட்டிவந்துவிட்டார்கள். அவரைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன், இல்லையென்றால் நானும் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். இதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் வாயால் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) தி. சாந்தாமணி