சத்தம் ஒன்றும் இல்லை

வாக்குமூலம் கொடுப்பவர்: பட்டறையில் 'ஸ்பானர்' என்று அழைக்கப்படுபவர். வயது நாற்பத்தொன்று. தொழில்: லாரி, வேன் இன்ஜின் மெக்கானிக். முகவரி: லாரி நிறுத்தத்துக்குப் பின்புறச் சந்து, டயர் கடை மாடி, படியேறியதும் இடதுபுற வீடு. எழுதப் படிக்கத் தெரியும்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவியோடும் ஒரே மகளோடும் குடியிருந்து வருகிறேன். மகளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இதயத்தில் ஓட்டை. போன மழைக்காலத்தில் அதை அடைக்க ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் அன்றைக்குக்கூட நான் வார்டுக்குள் போகவில்லை. லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன்தான் நான், ஆனால் ஆஸ்பத்திரி மருந்து வாடை பட்டாலே எனக்குக் கால் தள்ளாடும். இதை வைத்து என் மைத்துனர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆகவே டாக்டரம்மாவிடம் பேசுவது, மாத்திரை விவரம் கேட்பது எல்லாம் என் மனைவி பொறுப்பு. வீட்டுக்கு வந்து அவள் விளக்க ஆரம்பித்தால், "சரி சரி, நல்லா இருக்கால்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். அவள் சொன்னதை ஒரு நாளும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை.

சம்பவத்தன்று காலை மறுபரிசோதனைக்காக மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓட்டை முழுவதும் அடைபட்டுவிட்டதா, இல்லை மறுபடி ஆபரேஷன் வேண்டுமா என்பது அன்று தெரிந்துவிடும் என்று மனைவி சொல்லியிருந்ததால் நானும் கூடப் போனேன். எங்கள் முறை வந்ததும் நர்ஸ் வந்து, குழந்தையோடு ஒருவர் மட்டும் வாருங்கள் என்றார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. "அப்பா, நீயும் வாயேன்" என்று மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ போ தங்கம், நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பச்சைத் திரை தொங்கியதால் ஆட்கள் தெரியவில்லை, பேச்சு மட்டும் கேட்டது.

முதலில் டாக்டரம்மா மகளிடம் பள்ளிக்கூடம் பற்றி ஏதோ கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார். அதன் பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார். இந்தக் கடைசி வார்த்தைகள் அப்போது என் காதில் சரியாக விழவில்லை, பிறகு தெரிந்துகொண்டேன். அதன் பிறகு கொஞ்ச நேரம் பேச்சு கேட்கவில்லை. நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அதன் பிறகு டாக்டரம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சத்தம் ஒண்ணும் இல்லம்மா. எல்லா எடத்துலயும் வச்சுக் கேட்டுட்டேன். சுத்தமா இல்ல."

உடனே என் மனைவி "அய்யோ கடவுளே" என்று வாய்விட்டு அழுதாள்.

நான் எப்படி எழுந்தேன், திரையை எப்படி விலக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. திரையின் ஒரு பக்கம் கம்பியிலிருந்து அறுந்து விழுந்ததாக நர்ஸ் சொல்கிறார், இருக்கலாம். உள்ளே என் மகள் சட்டைப் பொத்தான் திறந்து, கண்ணை மூடி, மூச்சில்லாமல் ஒருக்களித்துக் கிடந்தாள். நெஞ்சில் ஆபரேஷன் தழும்பு தெரிந்தது. என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியபடியே என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. என் பிள்ளையைக் கொன்றுவிட்டுச் சிரிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கையை ஓங்கி அவர் இடது கன்னத்தில் காதோடு சேர்த்து அறைந்தேன். ஒரே அறைதான். ஆனால் ஸ்பானர் பிடித்துக் காய்த்த கை, காதுக்குள் அந்தக் குழாய் மாட்டியிருந்த நேரம்.

சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா அப்படியே கட்டிலில் சாய்ந்து காதைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. அந்த நேரத்தில் என் மகள் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தாள்.

செத்துப்போனவள் எழுந்து உட்கார்ந்ததாகவே அந்த நொடியில் நினைத்தேன். கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் சுவரோரம் நகர்ந்துகொண்டாள். என் முகத்தையே பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். என் மனைவி என்னை நெஞ்சில் பிடித்துத் தள்ளினாள்.

"என்னய்யா பண்ணுன? பாவி, என்ன பண்ணுன?"

"சத்தம் இல்லன்னு சொன்னாங்களே" என்றேன்.

"ஓட்டை வழியா ரத்தம் பீச்சுற இரைச்சலத்தான் இவங்க சத்தம்னு சொல்லுவாங்க. அது இருக்கக் கூடாது. அது இல்லன்னுதான் சந்தோசத்துல அழுதேன். எத்தன தடவ சொல்ல வந்தேன் உங்கிட்ட!"

இதயத்தில் கதவு மூடுவது போல இரண்டு ஒலி உண்டு, லப் என்று ஒன்று, டப் என்று ஒன்று, அது எல்லோருக்கும் இருக்க வேண்டியது, அவற்றுக்கு நடுவே உஸ் என்று வருவதற்குத்தான் இங்கே சத்தம் என்று பெயர் என்று நர்ஸும் சொன்னார். அவர் பஞ்சை வைத்து டாக்டரம்மாவின் காதை ஒற்றிக்கொண்டே சொன்னார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் மனைவி இன்னொன்றும் சொன்னாள். "இனிமே சத்தம் வராதுன்னு நீயே தெனமும் வண்டிக்காரன்கிட்ட சொல்ற. அவனெல்லாம் உன்ன அடிக்கவா செஞ்சான்?"

அது உண்மை. எங்கள் தொழிலிலும் சத்தம் என்றால் கோளாறுதான். வண்டியில் சத்தம் வருகிறது என்று கொண்டுவந்து விடுவார்கள். சரிசெய்தபின் சத்தம் இல்லை என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன். வாயில் அன்றாடம் புழங்குகிற வார்த்தை, என் பிள்ளையின் நெஞ்சைப் பற்றி இன்னொருவர் சொன்னபோது எனக்குப் புரியாமல் போய்விட்டது. இது எப்படி என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன், நான் குடித்திருக்கவில்லை. டாக்டரம்மாவோடு எனக்கு முன்விரோதமும் இல்லை. என் மகளைப் பிழைக்க வைத்தவரே அவர்தான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக் காவலாளிகள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் திமிறவில்லை. டாக்டரம்மாவைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது நர்ஸ் ஏதோ கேட்டார். "இந்தப் பக்கம் வந்து பேசு, அங்க ஒண்ணும் கேக்கல" என்று டாக்டரம்மா பதில் சொன்னார். என்னைக் கடந்து போனபோதும் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. செவிப்பறை கிழிந்திருக்கிறது, ஆறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்று பிறகு தெரிந்தது. காதை வைத்துப் பிழைப்பவர் அவர். அதைக் கேட்டதிலிருந்து என் வலது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகளை இனி அங்கே பார்க்க மாட்டார்களோ என்பதுதான் என் பயமாக இருந்தது. அடுத்த பரிசோதனைக்குக் குழந்தையைத் தவறாமல் கூட்டி வர வேண்டும், அப்பா மட்டும் வர வேண்டாம் என்று டாக்டரம்மா நர்ஸிடம் சொல்லி அனுப்பினார். அதற்கு நான் கட்டுப்படுகிறேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

போலீஸ் என்னை இங்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தபோது, வாய் திறக்கக் கூடாது, வக்கீல் வரட்டும் என்று என் மைத்துனர் சொன்னார். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு, ஆஸ்பத்திரியில் குழந்தையை விசாரித்த பெண் காவலர் வந்து உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டரை அடித்தது யார் என்று கேட்டதற்கு என் மகள், "யாரோ ஒரு ஆளு. எங்கப்பா இல்ல" என்று சொன்னாளாம். திரும்பத் திரும்பக் கேட்டும் அதையே சொன்னாளாம்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாளா, இல்லை என் அந்த முகத்தை அவளுக்கு உண்மையாகவே அடையாளம் தெரியவில்லையா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் தாங்க முடியவில்லை. அதனால்தான் யாரும் வற்புறுத்தாமல் நானாக இதைச் சொல்கிறேன். அடித்தது நான்தான். இதைப் பற்றி இனி யாரும் அவளிடம் போய்க் கேட்க வேண்டாம்.

மேலே எழுதியதை எழுத்தர் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார், முழுவதும் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

ஒப்பம்:
குழந்தையின் தகப்பன்