ஐந்தாவது சக்கரத்தின் ரிங்

டமார் என்று சத்தம் கேட்டதும் முதலில் ஓடி வந்தவர் பக்கத்துத் தையல்கடைக்காரர்தான். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்று, டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதா என்று கேட்டார். ஃபேன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நான் சொன்னேன். எனக்கு எப்போதும் அப்படித்தான் சார். எதையும் நிதானமாகப் பார்த்துச் சொல்லிப் பழக்கம்.

அந்தப் பழக்கம்தான் என் பிழைப்பு. பழைய கார்களின் சக்கரங்களைப் பார்த்து, அவை அந்தக் காரோடு பிறந்தவையா, பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவையா என்று எழுதிக் கொடுப்பேன். இன்ஜினைப் பார்த்துச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். சக்கரத்துக்கு இந்த ஊரில் நான் ஒருவன்தான். ரிம்மின் பின்பக்கம், காற்றுத் துளைக்குப் பக்கத்தில் தேதி அடித்திருப்பார்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும். ஆணித் தலைகளை எண்ண வேண்டும். பெயின்டைச் சுரண்டி அடியில் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக நான் எழுதிக் கொடுத்த தாளை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு என் கண் மங்க ஆரம்பித்தது. நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது? கை இருந்தது. கட்டைவிரல் நகத்தால் எண்களைத் தடவிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நிறம் மட்டும்தான் நகத்துக்குத் தெரியாது. அதற்கு மாப்பிள்ளை இருந்தார். "அடியில என்ன கலர் மாப்பிள்ளை, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைப்பதுபோல் கேட்பேன். அவரும் மார்க் வாங்குகிறவர்போல் சந்தோஷமாகச் சொல்வார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். செத்துப்போனவர் அவர்தான்.

பட்டறை அவருடையது. பட்டறைக்குப் பின்னால் வீடு, மாடியறை எனக்கு. எனக்குக் குடும்பம் இல்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "எங்க மச்சான் பொண்ணு பாக்கப் போனாலும் பின்பக்கம் தேதி அடிச்சிருக்கான்னுதான் பாப்பாரு. யாரு குடுப்பாங்க?" நானும் சிரிப்பேன். நல்ல மனுஷர் சார். எனக்கும் அவருக்கும் ஒருநாளும் சண்டை கிடையாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கார் ஒரு பல் டாக்டருடையது. அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆறு மாதமாக மாப்பிள்ளை அதில் வேலை செய்துகொண்டிருந்தார். போன மாதம் நான் சக்கரங்களைப் பார்த்து, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் அந்தக் காரோடு பிறந்தவை என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் காலத்துச் சக்கரத்தில் ரிம் தனி, லாக் ரிங் தனி. டயரை ஏற்றிய பிறகு, அது வெளியே வந்துவிடாமல் இந்த இரும்பு வளையத்தை ரிம்மின் பள்ளத்தில் உட்கார வைப்பார்கள். வளையத்தில் ஓர் இடத்தில் வெட்டு இருக்கும். இந்தக் காரின் ரிங்குகளுக்குச் சாய்வாக வெட்டு. வேறு கம்பெனி ரிங்கைப் போட்டால் பார்க்கப் பொருந்தியதுபோல் இருக்கும், காற்று ஏறும்போது நழுவும். நழுவினால் வளையம் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்டெப்னியின் ரிங்கில் மட்டும் யாரோ அந்த வெட்டைப் பட்டி வைத்து அடைத்து, மேலே கனமாகப் பெயின்ட் பூசியிருந்தார்கள். என் நகம் அதன் மேல் வழுக்கிப் போய்விட்டது. நான் செய்த தவறு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை பெயின்டை எல்லாம் எடுத்துவிட்டு அந்த ரிங்கை என்னிடம் நீட்டினார். பல் டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், மத்த நாலுலயும் வெட்டு சாய்வா இருந்துச்சு. இது நேரா இருக்கே?"

நகத்தை வைத்தேன். நேராகத்தான் இருந்தது.

அப்போது நான் என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். "தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்றால் எப்படி என்று கேட்பார்கள். கண் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம் மூன்று வருஷமாக நான் எழுதிய தாளை எல்லாம் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாடியறையில் உட்கார்ந்து, தங்கை போடும் சோற்றை வாங்கித் தின்னும் கிழவனாக மிச்ச நாளைத் தள்ள வேண்டும்.

"ஸ்டெப்னிக்கு நேர்வெட்டுதான் வரும் மாப்பிள்ளை" என்றேன். "அவசரத்துல சீக்கிரம் கழட்டி மாட்டணுமே, அதுக்காக."

அப்படி ஒரு சமாச்சாரம் உலகத்தில் கிடையாது. வாயில் தானாக வந்தது.

பல் டாக்டர் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு? எனக்கு இந்த மாதிரி ஒரு ஆள் இருந்தா, வர்றவங்களுக்கு எது சொந்தப் பல்லு, எது கட்டின பல்லுன்னு தடவியே சொல்லிடுவாரு."

மாப்பிள்ளை வெகுநேரம் சிரித்தார். டாக்டர் போன பிறகு நாங்கள் இருவரும்தான் இருந்தோம். மூன்று மணி நேரம். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் என் தட்டில் இருந்த முள்ளை ஓரமாக எடுத்து வைத்தார். மீன் முள் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை என்பதை அவர் எப்போது கவனித்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "என்ன மச்சான், தண்ணியா?" என்று கேட்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு டயரை ஏற்றினார். ரிங்கைத் தட்டி உட்கார வைத்தார். காற்றுக் குழாயை மாட்டும் முன் சுவரில் தொங்கிய சங்கிலியை எடுத்தார். சந்தேகமான ரிங்காக இருந்தால் சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டிவிட்டுத்தான் காற்றடிப்பார். வளையம் நழுவினால் சங்கிலியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் நழுவியது தெரிந்துவிடும் சார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"மத்த நாலுக்கும் கட்டலை. இதுக்கு மட்டும் எதுக்கு மாப்பிள்ளை?" என்றேன். "என் வார்த்தை மேல சந்தேகமா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது, குரலில் தெரிந்தது. "சேச்சே, உங்க வார்த்தையை விடச் சங்கிலியா பெருசு?" என்று சொல்லி அதைத் திரும்ப மாட்டிவிட்டார்.

நான் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனேன்.

ரிங் பறக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பொருந்தாத ரிங் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் ஓடிய சக்கரங்களை நானே பார்த்திருக்கிறேன். உட்கார்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். ஒருவருக்குக் கெடுதல் நினைப்பது வேறு, வாய் வராமல் போவது வேறு. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கம்ப்ரஸரில் கோளாறு என்று அதைப் பழுது பார்த்தவரை இரண்டு நாளாக உட்கார வைத்து விசாரிக்கிறீர்களாம். அவர் மேல் தப்பில்லை. அந்த ரிங் இப்போதும் பட்டறை மூலையில் கிடக்கிறது. வெட்டைப் பாருங்கள், நேராக இருக்கும். பிள்ளைகுட்டிக்காரர், அவரை அனுப்பிவிடுங்கள். அதற்காகத்தான் வந்தேன்.

அதற்காக மட்டும்தானா என்று கேட்டால், இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் கேட்ட நாளிலிருந்து தங்கை என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். இன்று டீயை என் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு நான் அவருக்கு டீ எடுத்துட்டுக் கிளம்பினேன். நீ உள்ள வந்து என் கையைப் புடிச்சு உக்கார வச்சியே, காத்து அடிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதன்னு ஏன் சொன்ன?"