சொல்லாமல் விட்ட சமாதானம்

ஓடுகிறேன். லாரி எரிகிறது. டயர் வெடிப்பது வேறு சத்தம். குண்டு வருவது வேறு சத்தம். முதலில் உய்ய்ங் என்று இழுக்கும். பிறகு ஒரு கணம் ஒன்றுமே கேட்காது. அந்தக் கணத்தில் சூசை கத்தினான்.

“படுடா! தலயத் தூக்காத!”

படுத்தேன். புகை விலகியபோது வலது கை மணிக்கட்டோடு இல்லை.

1971 டிசம்பர். கிழக்கு எல்லை. சூசையும் நானும் விருத்தாசலம். ஒரே கோவிலில் ஞானஸ்நானம். ஒரே செராமிக் தொழிற்சாலையில் சூளை வேலை. ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தோம். ஜெபமெல்லாம் எனக்கு மனப்பாடம். அவனுக்கு விசுவாசப் பிரமாணமே பாதியில் தடுக்கும். ஆனால் ஊருக்கு அவன்தான் நல்ல கிறிஸ்தவன். செராமிக்கில் சுட்ட கோப்பையைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்போம். நல்லது ணங் என்னும். விரிசல் விட்டது டொக் என்னும். ஊர் என்னையும் தட்டிப் பார்த்தது போலும். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

எங்கள் லாரிப் பிரிவில் தங்கா என்று ஒருவன். மிசோ மலைக்காரன். எங்கள் சபைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய்க்குக் கீழே ஜெபம். முடிவில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும். பூசையில் அப்போதுதான் வந்திருந்த புது வழக்கம். சூசை முதலில் தங்கா பக்கம் திரும்புவான். பிறகுதான் என் பக்கம். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

“ஏன்டா, அவனும் நம்மாளுதானடா,” என்பான்.

நம்மாளாம்! பேச்சே புரியாதவன் நம்மாள் என்றால், கூடவே வளர்ந்த நான் யார்?

புகை. தங்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். நான் இந்தப் பக்கம். நடுவில் சூசை.

“சூச! இங்க வாடா!”

“துண்டால இறுக்கிக் கட்டுடா! அவனுக்குக் கொடலு தெரியுது! தோ வரேன்!”

தங்காவை இழுத்துப் பள்ளத்தில் போட்டான். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அப்போதும் பொறாமைதான். பிறகு என்னிடம் ஓடி வந்தான். உய்ய்ங். “படுடா!” என்று கத்தினேன். குண்டு முந்திக்கொண்டது.

மறு வருஷம் தங்கா உயிரோடு விருத்தாசலம் வந்தான். சூசையின் அம்மா வாசலுக்கு ஓடி வந்தார்.

“எம்புள்ள காப்பாத்துன புள்ள. வா சாமி, வூட்டுக்குள்ள வா.”

சூசையின் தட்டில் அவனுக்குச் சோறு போட்டார். அந்தத் தட்டில் எனக்கு ஒருநாளும் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அவன் வந்தான். சமாதானம் சொல்லும் நேரம். எல்லோரும் கைகூப்புகிறார்கள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். தங்கா என் பக்கம் திரும்பினான். தன் வலது உள்ளங்கையை என் இடது உள்ளங்கையோடு சேர்த்தான்.

“நம்மாளு,” என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். சூசை சொல்லிக்கொடுத்தது.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த டிசம்பரில் இழந்தவை இவை. மூன்று லாரி. என் வலது கை. சூசை. இரண்டு கையும் இருந்த நாளில் அவனுக்கு நான் சொல்லாமல் விட்ட சமாதானம்.