இத்தாவும் கடைசிச் சோதினையும்

— இத்தாவுல இரிக்கிற பொம்புள சோதின எழுதப் போனவ எண்டு கல்முனையில ஒருத்தன் கதைச்சாப் போதும் ஹாஜறா, மறுகா நான் பள்ளிவாசல் பக்கம் முகம் காட்ட ஏலா.

— உங்கட முகத்துக்கு என்ன காக்கா? மூடிக்கிட்டுப் போகப் போறது நான்.

— பகிடி உடாத. மச்சான் மௌத்தாகி மூணு மாசம் ஆகல்ல. புருசனுக்காக நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோட இரிக்கணும் நீ. கபுறு மண் இன்னும் காயல்ல.

— அவர் உசிரோட இரிக்கக்குள்ள மட்டும் என்னப் போக உட்டவரா? வீட்டுல இரிந்து படிக்கிறண்டாப் படி எண்டார். அதான் வெளிவாரிப் பட்டத்துக்குச் சேந்தன். புள்ளையளப் படுக்கப் போட்டுட்டு அடுப்படியில இரிந்து படிச்சன்.

— அதத்தான் நானும் செல்றன். வீட்டுல இரிந்து படிக்கிற படிப்புத்தானே.

— படிப்பு வீட்டுக்கு வரும் காக்கா. சோதின மண்டபம் வருமா?

— நான் ஒண்டு செல்றன் கேளு. அடுத்த வருசம் எழுதலாம். அல்லாஹ் நாடினா எல்லாம் நடக்கும்.

— அடுத்த வருசம் இல்ல. பட்டத்த முடிக்க எட்டு வருசந்தான் தாற. ரெண்டு புள்ளப்பேறு, அவர்ட சீனி வருத்தம், ஆஸ்பத்திரி எண்டு எல்லாம் கரைஞ்சி இதான் கடைசி. நாளைக்கு அந்த ஒரு பாடத்த எழுதல்லண்டா பதிவு வெட்டுப்பட்டுப் போகும். மறுகா முதல்ல இரிந்து தொடங்கணும்.

— தொடங்கினாப் போச்சி.

— லேசாச் செல்றீங்க. உங்களுக்குக் கடை இரிக்கி. எனக்குச் சீதன வீடு இரிக்கி, ஓம். சுவரை அவிச்சித் திங்கிறதா? பட்டம் இரிந்தா டீச்சர் வேலைக்கெண்டாலும் போடலாம்.

— கூடப் பொறந்தவன் நான் இல்லையா? இண்டைக்கும் பாரு, உனக்கெண்டு பாரைக் குட்டி வாங்கி வந்திரிக்கன். உன்ட புள்ளையள நான் பட்டினி போடுவனா?

— போட மாட்டீங்க. ஆனா றஸ்னா மதினி அந்த மீன் பையப் பாக்குற பார்வ எனக்குத் தெரியும். என்ட புள்ளையள் அந்தப் பார்வைக்குக் கீழ வளரக் கூடா.

— மதினிய இழுக்காத. இது மார்க்க விஷயம். மௌலவிட்டக் கேட்டுத்தானே செல்றன். இத்தா முடியுமட்டும் வாசல் தாண்டக் கூடா எண்டுட்டார்.

— எந்த மௌலவி?

— நம்மட ஸமட் மௌலவிதான்.

— நேத்து அவர்ட வீட்டுக்கு நான் போன் எடுத்தன் காக்கா. பொஞ்சாதிக்கிட்ட விஷயத்தச் செல்ல, மறுகா அவரே கதைச்சார்.

— நீ எடுத்தயா?

— தேவைக்குப் பகல்ல போகலாம், பொழுது படமுந்தி வந்திரணும் எண்டார். உங்கட காக்காக்கிட்டயும் இதத்தானே செல்லி அனுப்பினன் எண்டார். அல்லாஹ்ட பேரால ஏன் பொய் சென்ன நீங்க?

— ஊர் வாய் புள்ள. பள்ளிச் சபையில இரிக்கிறவன் நான். எனக்கும் ஒரு மரியாத இரிக்கி.

— உங்கட மரியாதைக்கு என்ட எட்டு வருசம். எரியிது காக்கா, நெஞ்செல்லாம் எரியிது. சரி, உட்டுட்டன். விடியக் காலத்தால றவூப்ட ஆட்டோவ வரச் செல்லுங்க. மதினியும் கூட வரட்டும். எழுதினதும் நேர வீட்டுக்கு வந்திருவன்.

— ஹாஜறா, கொஞ்சம் இரி.

— பேனையெல்லாம் எடுத்து வெச்சிட்டன். இனி என்ன தடை?

— சோதினத் திகதிய முன்னுக்கு எடுத்துட்டாங்க புள்ள. மெசேஜ் என்ட போனுக்குத்தான் வந்த. உன்ட நம்பர வெளி ஆக்களுக்குக் குடுக்கக் கூடா எண்டு மச்சான் செல்லி, என்டதத்தானே குடுத்திரிந்த.

— எந்தத் திகதிக்கு?

— நீதான் போகப் போறல்லயே எண்டு நான் அதப் பெரிசா எடுக்கல்ல.

— எந்தத் திகதிக்கு காக்கா?

— போன சனிக்கிழம முடிஞ்சி.