கயிற்றை அவிழ்த்தால் கச்சேரி

டோல்கேட்டில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் செய்தித்தாள் சுற்றிய பெரிய போட்டோ. மற்றவர் கழுத்தில் துறைமுக அடையாள அட்டை.

"இன்னா மாஸ்டரு, போட்டோவோட கிளம்பிட்ட?"

"நம்ம பாக்ஸிங் ஹாலோட வரலாறு எழுதறாங்களாம் மாமு. கார்ப்பரேஷன் ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்து பழைய போட்டோ கேட்டாங்க. ஹால் செவுத்துல மாட்டியிருந்தத கயட்டி, குடுக்கத்தான் போய்கினு கீறேன்."

"வரலாறு கேக்குறான்னா இடிக்கப் போறான்னு அர்த்தம்."

நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

"சும்மா பேஜார் பண்ணாத."

"எங்க பழைய வூட்டுக்கும் இப்டித்தான் வந்தான். எத்தினி வருஷமா கீறீங்கன்னு பாசமா கேட்டான். அப்பால கதவுல நம்பர் போட்டான். அப்பால கதவே இல்ல."

"இது வேற மாமு. கயித்த கட்டினா பாக்ஸிங், அவுத்தா கானா கச்சேரி. ரெண்டுக்கும் ஒரே பலகை மேடதான். அத்தெல்லாம் சொன்னேன், அந்தம்மா எழுதிகினாங்க."

"வேற இன்னா கேட்டாங்க?"

"தூணு எத்தினி, செவுரு எவ்ளோ கனம்னு கேட்டாங்க."

"வரலாறுக்கு எதுக்கு நைனா செவுரு கனம்?"

இரண்டு ஸ்டாப் போயின. மூன்றாவதில் மாஸ்டர் போட்டோவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க எறங்குற? ஆபீஸு இன்னும் தூரம் கீதே!"

"ஹாலுக்கே திரும்பிப் போறேன். ஆணி அங்கியேதான் கீது, மாட்டிட்டு வரேன். இடிக்க வர்றவன் மொதல்ல இத்தக் கயட்டட்டும்."